15 வயதுப் பேத்தியோடு மெக்சிகோ கடற்கரைக்கு: பினாங்கிலிருந்து புறப்படும் தாத்தா பாட்டிகளுக்கு

என் மருமகனை அவருடைய தொழிற்சாலை குவாதலஹாராவுக்கு அனுப்பியிருக்கிறது. பினாங்கைப் போலவே மின்னணுத் தொழில் வேரூன்றிய மெக்சிகோ நகரம் அது. மகளும் கூடவே போய்விட்டாள். பேத்தி மட்டும், பள்ளியை இடையில் மாற்ற வேண்டாம் என்று, ஆயர் ஈத்தாமில் எங்களோடு இருந்து படிவம் மூன்றை முடித்தாள். ஆண்டு இறுதி விடுமுறையில் நாங்கள் மூவர் இங்கிருந்தும் அவர்கள் இருவர் அங்கிருந்தும் கிளம்பி, மெக்சிகோவின் கரீபியக் கரையில் ஒன்றுகூடினோம். பிள்ளைகள் வெளிநாட்டில், பேரப்பிள்ளைகள் நம்மிடம் என்ற நிலையில் பினாங்கில் பல குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்குப் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

திட்டம் போட உட்காரும்போது இடங்களின் பட்டியலை எடுக்காதீர்கள். மணி நேரங்களை எழுதுங்கள். எனக்கு 68 வயது. விடியும் முன்பே விழிப்பு வந்துவிடும். விடுமுறையில் இருக்கும் 15 வயதுப் பிள்ளை பத்து மணிக்கு முன் கண் திறக்காது. திறக்க வைப்பதும் நியாயமில்லை. அந்த வயதில் உடலே தாமதமாகத்தான் தூக்கத்தைக் கேட்கிறது. டிசம்பரில் அங்கே மாலை ஆறு மணியளவில் சூரியன் மறைந்துவிடும். ஏழு மணி வெளிச்சத்துக்குப் பழகிய பினாங்குக்காரர்களுக்கு அது சீக்கிரம். நடுவே உச்சி வெயில். மூன்று தலைமுறையும் ஒன்றாக விழித்து, பசியாறி, நல்ல மனநிலையில் தண்ணீர் அருகே இருக்கக்கூடிய நேரம் ஒரு நாளைக்கு நான்கைந்து மணிதான். ஊர், வீடு, மருந்து, சாப்பாடு என்று நான் கீழே சொல்லும் எல்லா ஏற்பாடும் அந்த நான்கைந்து மணியைக் காப்பாற்றுவதற்காக.

எப்போது, எந்த ஊர்

நம் பள்ளி விடுமுறை டிசம்பரில் வருவது இந்தக் கரைக்கு மிகவும் தோதானது. அங்கே சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. 2005ஆம் ஆண்டு அக்டோபரில்தான் வில்மா சூறாவளி அந்தக் கரையின் பெரிய சுற்றுலா நகரமான கான்கூனைப் புரட்டிப்போட்டது. பருவம் முடியப்போகிறதே, மலிவாகக் கிடைக்கிறதே என்று அக்டோபரில் டிக்கெட் எடுப்பதை, முதியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து போகும் பயணத்துக்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இன்னொரு தொல்லை சார்காசம் என்னும் பழுப்புக் கடற்பாசி. 2011 முதல் கரீபியக் கடலில் பெருந்திரளாக மிதந்து வருகிறது. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை கரையில் மலையாகக் குவிந்து அழுகும். அந்த வாயு ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. டிசம்பரில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இருக்காது.

டிசம்பருக்கும் ஒரு குணம் உண்டு. சில நாள்கள் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கும். அங்குள்ளவர்கள் அதை நோர்த்தே என்கிறார்கள். படகுகள் நின்றுவிடும், கடலில் இறங்க முடியாது. ஆகவே படகில் போகும் எதையும் பயணத்தின் கடைசிக்குத் தள்ளிவைக்காதீர்கள். முதல் பாதியில் வைத்தால், காற்று வந்தாலும் ஒத்திப்போட இடமிருக்கும். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை விலை உச்சத்தில் நிற்கும். அதற்கு முன் திரும்பிவிடும்படி நாள் குறியுங்கள்.

ஊரைத் தேர்ந்தெடுப்பதில்தான் நான் அதிகம் யோசித்தேன். கான்கூனின் ஹோட்டல் வட்டாரம், கடலுக்கும் காயலுக்கும் நடுவே 7 என்ற எண்ணின் வடிவில் நீளும் மணல்திட்டு. அதன் வடக்குப் பார்த்த கரையில் அலை சாந்தமாக இருக்கும், கிழக்குப் பார்த்த நீண்ட கரையில் பலமாக அடிக்கும். மணலும் நீரும் அத்தனை அழகு. ஆனால் ஒரே ஒரு பெருஞ்சாலைதான். ஐஸ்கிரீம் வாங்கக்கூட பஸ் ஏறவேண்டி வரும். அதாவது, 15 வயதுப் பெண் தன் விருப்பப்படி எங்கும் காலாற நடந்து போய்வர முடியாது. எங்கே போனாலும் பெரியவர் ஒருவர் கூட வரவேண்டும் என்றால், மூன்றாம் நாளே அவள் அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள்.

அதனால் கான்கூனுக்கும் பிளாயா டெல் கார்மெனுக்கும் இடையில் இருக்கும் புவேர்த்தோ மொரேலோஸைத் தேர்ந்தெடுத்தேன். சின்ன ஊர். கடலை ஒட்டிய சதுக்கம், அதைச் சுற்றிக் கடைகள், அருகே 1967ஆம் ஆண்டு பியூலா சூறாவளியில் சாய்ந்து, இன்றும் சாய்ந்தபடியே நிற்கும் பழைய கலங்கரை விளக்கம். கரைக்கு முன்னால் பவளத் திட்டு அரணாக இருப்பதால் பேரலைகள் அங்கேயே உடைந்துவிடுகின்றன. நீந்தத் தெரியாத என்னைப் போன்றவர்கள் இடுப்பளவு நீரில் நிற்கலாம். பேத்தி சதுக்கத்துக்குத் தனியாக நடந்து போய்வரலாம். கூட்டமும் கடைவீதியும் வேண்டும் என்று அவள் கேட்கும் நாளில், பிளாயா டெல் கார்மெனின் ஐந்தாம் அவென்யூவுக்கு வேனில் போய்விடலாம். வாகனம் நுழையாத, நீளமான நடைவீதி அது.

சாப்பாடு, பானம், விளையாட்டு எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கிய உல்லாச விடுதிகள் அந்தக் கரை முழுவதும் இருக்கின்றன. சிறு பிள்ளைகள் இருந்தால் நல்லதுதான். எங்கள் வீட்டில் யாரும் மது அருந்துவதில்லை. அந்தக் கட்டணத்தில் மதுவுக்கான பங்கும் அடங்கியிருக்கிறது. சமையலறையும் மூன்று படுக்கையறையும் கொண்ட வீட்டை வாடகைக்கு எடுத்தோம். யார் எந்த அறையில் என்பதைப் புறப்படும் முன்பே பேத்தியிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அவளுக்கென்று கதவு உள்ள ஓர் அறை வேண்டும்; அது சிறியதாக இருந்தாலும் போதும்.

காகிதங்கள்

மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு மெக்சிகோ போக விசா தேவையில்லை. அதிகபட்சம் 180 நாள் வரை தங்க அனுமதிப்பார்கள். எத்தனை நாள் என்பதை முத்திரையில் குறிப்பார்கள். முகப்பை விட்டு நகரும் முன் அந்த எண்ணைப் படித்துப் பாருங்கள். அமெரிக்கா வழியாகப் பறந்தால், விமானம் மாறுவதற்கு மட்டுமே இறங்கினாலும் அமெரிக்க விசா வேண்டும். ஆகவே அந்த வழியை விட்டுவிடுங்கள்.

பெற்றோர் இல்லாமல் நாம் பேரப்பிள்ளையைக் கூட்டிச் செல்கிறோம் என்றால், கவனம் முழுவதும் இதில் இருக்கட்டும்: நம் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது. பேத்தியின் பெயருக்குப் பின்னால் வருவது என் மருமகனின் பெயர். என் பெயருக்குப் பின்னால் என் அப்பாவின் பெயர். எங்கள் இருவர் கடப்பிதழையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அதிகாரிக்கு, நாங்கள் ஒரே குடும்பம் என்பதற்கு ஓர் எழுத்துக்கூடச் சாட்சி சொல்லாது. ஆகவே பேத்தியின் பிறப்புச் சான்றிதழ், அதில் தாயாகப் பதிந்திருக்கும் என் மகளின் பிறப்புச் சான்றிதழ், அதில் தாயாக என் பெயர் என்று சங்கிலியாக எடுத்துச் சென்றேன். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும் வேண்டும். பெற்றோர் இங்கே இருந்தால் சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திடலாம். வெளிநாட்டில் இருந்தால், அங்குள்ள மலேசியத் தூதரகத்தில் கேட்கலாம். மெக்சிகோ சிட்டியில் நமக்குத் தூதரகம் இருக்கிறது. கடிதத்தில் பயணத் தேதிகள், கூட்டிச் செல்பவரின் கடப்பிதழ் எண், பெற்றோரின் தொலைபேசி எண் மூன்றும் இருக்கட்டும். ஸ்பானிய மொழிபெயர்ப்பு ஒன்றையும் இணைத்துவிடுங்கள்.

கான்கூனும் புவேர்த்தோ மொரேலோஸும் இருக்கும் கின்டானா ரூ மாநிலம் வெளிநாட்டுப் பயணிகளிடம் 2021 முதல் தனியாக ஒரு வரி வாங்குகிறது. விசிடாக்ஸ் என்று பெயர். இணையத்தில் மாநில அரசின் தளத்திலேயே செலுத்துங்கள். இடைத்தரகர் தளங்கள் கூடுதலாகப் பிடுங்கும். பிறகு, எல்லோருடைய பையையும், பெரியவர்களின் பை உட்பட, வேப் கருவி இருக்கிறதா என்று பாருங்கள். மெக்சிகோவுக்குள் அதைக் கொண்டுபோகத் தடை.

நீண்ட பறப்பும் மருந்துப் பெட்டியும்

பினாங்கிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து இஸ்தான்புல், பிறகு அட்லாண்டிக்கைத் தாண்டி மெக்சிகோ. வீட்டு வாசலிலிருந்து வாசல் வரை கணக்கிட்டால் ஒன்றரை நாள் தாண்டிவிடும். மலேசியர்களுக்குத் துருக்கியிலும் விசா வேண்டாம் என்பதால் இஸ்தான்புல்லில் ஓர் இரவு தங்குவதை அறுபதைத் தாண்டிய யாருக்கும் பரிந்துரைப்பேன். கால் வீக்கம் வடியும், முதுகு நிமிரும். டிசம்பரில் அங்கே குளிர். குளிராடை கைப்பையிலேயே இருக்கட்டும்.

நான் அரசு மருத்துவமனையில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆகவே மருந்துப் பெட்டி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சளிக்கும் மூக்கடைப்புக்கும் நாம் சாதாரணமாக வாங்கும் சில மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் இருக்கும். மெக்சிகோவில் அதற்குத் தடை. அட்டையின் பின்பக்கம் பார்த்து, இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மற்ற மருந்துகளை அசல் அட்டையோடும், மருத்துவர் மருந்தின் பொதுப்பெயரை எழுதிய கடிதத்தோடும் கொண்டுபோங்கள். இன்சுலினைக் கைப்பையில் வைக்கவும். சரக்கறையில் உறைந்துவிட்டால் அது பயன்படாது.

கான்கூன் நேரம் நமக்கு 13 மணி நேரம் பின்னால். தாத்தாவுக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. இரவு பகலாகிவிட்டால் மாத்திரைக் கணக்கு என்ன ஆகும் என்று அவருக்குக் கவலை. 12 மணிக்கு ஒருமுறை சாப்பிடும் மருந்தில் பெரிய குழப்பமே வராது. பினாங்கில் காலை எட்டு என்பது அங்கே மாலை ஏழு. பினாங்கில் இரவு எட்டு என்பது அங்கே காலை ஏழு. ஒரு மணி நேரம்தான் நகர்கிறது. நாளுக்கு ஒருமுறை எடுக்கும் மருந்தையும் இன்சுலினையும் எப்படி நகர்த்துவது என்பதை மட்டும் புறப்படும் முன் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பேத்தியிடம் தனியாகப் பேசவேண்டிய ஒன்று உண்டு. பல வீடுகளில் கூச்சத்தால் விட்டுவிடுகிறார்கள். மாதவிடாய் நாள்கள் பயணத்தில் எப்போது வரும் என்று கேளுங்கள். படகுப் பயணத் தேதியை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள். சாதாரண நாப்கின் நீருக்குள் உதவாது. மாதவிடாய்க்கென்றே தைத்த நீச்சலுடை கிடைக்கிறது. டாம்பான் பழக்கம் இருந்தால் அதுவும் சரி. தள்ளிப்போடும் மாத்திரையை மருத்துவரைப் பார்க்காமல் கொடுக்கவே கூடாது. அந்த நாள்களில் அவள் கரையில் இருக்க விரும்பினால், காரணத்தை யாருக்கும் சொல்லத் தேவையில்லாதபடி நீங்கள் துணைக்கு உட்காருங்கள்.

அவள் கண்ணாடி அணிபவள் என்றால் பவர் போட்ட நீர்மூழ்கிக் கண்ணாடியை இங்கேயே வாங்கிவிடுங்கள். கான்டாக்ட் லென்ஸோடு கடலில் இறங்குவது கண்ணுக்குத் தொற்றைக் கொண்டுவரும். பவளமும் மீனும் மங்கலாகத் தெரிந்தால் அத்தனை தூரம் போய் என்ன பயன்?

கடல்

பத்து பெரிங்கியில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கடல் என்றால் கரையில் நடப்பது, சோளம் வாங்கித் தின்பது. கலங்கிய நீர், ஜெல்லிமீன் பயம். யாரும் அதிகம் நீந்துவதில்லை. நீச்சல் குளத்தில் பயிற்சி எடுத்திருந்தாலும், அலையில் நீந்துவது வேறு. ஆகவே புறப்படுவதற்கு முன்பு, குளத்தின் ஆழமான பகுதியில் தரையைத் தொடாமல் சில நிமிடம் மிதந்து நிற்கக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். அது தெரிந்தால் பாதி ஆபத்து விலகிவிடும்.

மெக்சிகோ கடற்கரைகளில் கொடி ஏற்றியிருப்பார்கள். பச்சை என்றால் அமைதி. மஞ்சள் என்றால் எச்சரிக்கை. சிவப்பு என்றால் ஆபத்து, இறங்கக் கூடாது. கறுப்பு என்றால் கடல் மூடப்பட்டது. இதைப் பேரப்பிள்ளைக்குப் பாடமாக நடத்தாதீர்கள், வேலையாகக் கொடுங்கள். எங்கள் வீட்டில் கொடியைப் பார்த்துவந்து சொல்வது பேத்தியின் பொறுப்பு. "பாட்டி, இன்றைக்கு மஞ்சள். தாத்தா முழங்கால் வரைதான்" என்று அவள் சொன்னால், அதற்கு மேல் தாத்தா ஓர் அடி வைக்க முடியாது. தாத்தாவுக்குச் சட்டம் போட்டவள் தனக்கு மட்டும் விலக்குக் கேட்க மாட்டாள். அதிகாரம் கையில் இருக்கும்போது அந்த வயதுப் பிள்ளைகள் நம்மைவிடக் கண்டிப்பானவர்கள்.

இழுவை நீரோட்டம் பற்றியும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கரையை நோக்கி வந்த நீர், ஒரு குறுகிய பாதை வழியாக வேகமாகக் கடலுக்குத் திரும்பும். அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப்போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அந்தப் பாதையை விட்டு வெளியே வந்த பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். முடியாவிட்டால் மிதந்துகொண்டே கையை உயர்த்த வேண்டும். இதைக் கரையில் நின்று, மணலில் கோடு போட்டு, மருமகன் விளக்கினார். பெரியவர்களும் கேட்டது நல்லதாகப் போயிற்று. இருட்டிய பிறகு கடலில் இறங்குவதில்லை என்பது மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்காத சட்டம்.

உடை விஷயத்தில் வீண் சண்டை வரும். முழுக்கை நீச்சல் சட்டையும் முழங்கால் வரை வரும் கால்சட்டையும் எல்லோருக்கும் வாங்கிவிடுங்கள், தாத்தா உட்பட. பூமத்தியரேகைக்கு 21 பாகை வடக்கில் இருந்தாலும் அங்கே வெயில் கடுமை. இப்படி மூடிக்கொண்டால்தான் தோல் பிழைக்கும். பவளப் பூங்காவிலும் நன்னீர்க் குகைக் குளங்களிலும் சன்ஸ்கிரீன் பூசுவதைத் தடுக்கிறார்கள், அதற்கும் இதுவே வழி. அதற்கு மேல் என்ன அணிவது என்பதைத் தாயும் மகளும் பேசிக்கொள்ளட்டும். பாட்டிகளுக்கு ஒன்று: சேலையோடும் பருத்திச் சுடிதாரோடும் அலையில் நிற்காதீர்கள். நனைந்த துணி காலைச் சுற்றிக் கீழே இழுக்கும். நான் முழுநீள நீச்சலுடையில் இறங்கினேன். எந்தக் கூச்சமும் இல்லை.

புவேர்த்தோ மொரேலோஸின் பவளத் திட்டு 1998 முதல் தேசியப் பூங்கா. கரையோரமாக ஆயிரம் கிலோமீட்டர் அளவுக்கு நீளும் மெசோஅமெரிக்கப் பவளத் தொடரின் ஒரு துண்டு அது. உரிமம் பெற்ற வழிகாட்டியோடு படகில் போய், மிதவைச் சட்டை அணிந்து மிதந்தபடி பார்க்க வேண்டும். எதையும் தொடக் கூடாது. குமட்டல் வருபவர்களுக்கு அதற்கான மாத்திரையைப் படகேறுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். ஏறிய பிறகு கொடுத்துப் பயனில்லை. நீந்தத் தெரியாத நானும் தாத்தாவும் படகிலேயே உட்கார்ந்திருந்தோம். மகளும் பேத்தியும் கையைக் கோத்துக்கொண்டு முகத்தை நீரில் புதைத்து மிதந்ததைப் பார்த்ததே எங்களுக்குப் போதுமாக இருந்தது.

அந்த ஊரிலிருந்து உள்நோக்கிப் போகும் சாலை நெடுகச் செனோட்டே எனப்படும் குளங்கள். யுகட்டான் தீபகற்பத்தின் வடபகுதி முழுவதும் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் நிலத்துக்கு மேல் ஆறாக ஓடாமல் அடியில் குகைகளுக்குள் ஓடுகிறது. கூரை இடிந்த இடங்களில் குளமாகத் தெரிகிறது. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களின் முடிவுக்குக் காரணமான விண்கல் விழுந்தது இதே தீபகற்பத்தின் வடக்குக் கரையில்தான், சிக்சுலூப் அருகே. அந்தப் பள்ளத்தின் விளிம்பை ஒட்டிச் செனோட்டேகள் வளையமாக அமைந்திருக்கின்றன. எங்கள் பேத்திக்கு அறிவியலில் ஆர்வம். இதை அவளே படித்துவந்து எங்களுக்குச் சொன்னாள். நீர் 24, 25 பாகைதான் இருக்கும். நம் உடம்புக்கு அது சில்லென்று அறையும். இதய நோய் உள்ளவர்கள் திடீரெனக் குதிக்கக் கூடாது. வழுக்கும் படிகள் உண்டு. மேலே திறந்த, கைப்பிடி உள்ள செனோட்டேயாகப் பார்த்துப் போங்கள்.

சாப்பாடு

இங்கிருந்து சோற்றுப் பானை எடுத்துப்போக வேண்டாம். நம் மின்சாரம் 240 வோல்ட், அவர்களுடையது 127. நம் பானை அங்கே தன் சூட்டில் கால் பங்குக்குச் சற்று அதிகமாகத்தான் தரும். அரிசி ஊறிக் குழையுமே தவிர வேகாது. கைப்பேசிச் சார்ஜர் இரண்டிலும் வேலை செய்யும். தட்டையான இரண்டு முள் உள்ள அடாப்டர் மட்டும் வேண்டும். சோறு அடுப்பில்தான்.

பச்சைக் கறிவேப்பிலை, பழங்கள், இறைச்சி, விதைகள் எதையும் எடுத்துச் செல்லாதீர்கள். சுங்கத்தில் பறிமுதல் செய்வார்கள். தேவையும் இல்லை. புளி மெக்சிகோவில் எல்லா ஊரிலும் கிடைக்கிறது; பானமாகவும் காரம் தூவிய மிட்டாயாகவும் விற்கிறார்கள். தக்காளி, பூண்டு, சீரகம், மல்லித்தழை, காய்ந்த மிளகாய் எல்லாம் சந்தையில் உண்டு. மிளகாய் உலகத்துக்குப் போனதே அங்கிருந்துதான். கடையில் வாங்கிய ரசப்பொடி ஒரு பொட்டலம் பையில் இருந்தால் போதும், முழு ரசம் வைத்துவிடலாம். நம் ரொஜாக்கில் போடும் சிங்குவாங் கிழங்கின் தாயகமும் மெக்சிகோதான். எலுமிச்சைச் சாறும் மிளகாய்த் தூளும் போட்டுத் தெருவில் விற்கிறார்கள். பேத்தி அதற்கு அடிமையாகிவிட்டாள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது அங்கே வழக்கம். சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைப்பதும் உண்டு. "சின் மாந்தேக்கா" என்று கேளுங்கள். கொழுப்பில்லாமல் என்று பொருள். சோள ரொட்டியும் பழமும் அவகாடோவும் கவலையில்லாத உணவு. ஹபனேரோ மிளகாய்ச் சட்னியைச் சொட்டாகத் தொட்டுப் பார்த்த பிறகு ஊற்றுங்கள், நம் சம்பல் காரம் பழகிய நாக்காக இருந்தாலும். குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது. பல் துலக்கவும் புட்டித் தண்ணீர்தான்.

யாருடைய நேரம் எது

இந்தக் கரை கிழக்கைப் பார்த்தது. சூரியன் கடலிலிருந்து எழும். மறைவது நிலத்தின் பக்கம். ஆகவே விடிகாலைக் கடல் தாத்தா பாட்டிக்கு உரியது. நேர மாற்றத்தால் மூன்று மணிக்கே விழிப்பு வரும். படுக்கையில் புரளாமல், காப்பி போட்டுக் குடித்துவிட்டு, வெளிச்சம் வந்ததும் நடக்கப் போங்கள். வீட்டில் யாரையும் எழுப்ப வேண்டாம்.

பத்து மணிக்கு மேல் ஒன்றிரண்டு மணி நேரம், பிறகு மூன்று மணி முதல் இருட்டும் வரை. இதுதான் எல்லோருக்குமான நேரம். நடுப்பகலில் வீட்டுக்குள் உறக்கமும் வாசிப்பும். பொதுவான நேரத்தில் கடைக்குப் போவது, துணி துவைப்பது, பணம் எடுப்பது எதையும் வைக்காதீர்கள். அவற்றைக் காலையில் நாம் முடித்துவிடலாம்.

மாலைக்குப் பிறகு பேத்தியின் நேரம். சதுக்கத்துக்குப் போகலாம், ஒன்பது மணிக்குள் திரும்ப வேண்டும், கைப்பேசி அணையக் கூடாது. ஓரிரு நாள் பெற்றோர் இருவருக்கும் அவளுக்கும் மட்டுமாக விட்டுவிடுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். வீட்டில் அவளைப் பள்ளிக்கு எழுப்புவதும், சாப்பிட வைப்பதும், கண்டிப்பதும் நான். அங்கே அம்மா இருக்கிறாள். அவள் மகளின் தலையைத் துவட்டும்போதோ, தாமதமாக வந்ததற்குக் கோபிக்கும்போதோ நான் குறுக்கே பேசுவதில்லை. மகளுக்கு எங்காவது கை தடுமாறினாலும் பேசுவதில்லை. ஆண்டு முழுவதும் கைப்பேசித் திரையில் மட்டும் தாயாக இருந்தவளுக்கு அந்த உரிமையை முழுதாகத் திருப்பிக் கொடுப்பது என் கடமை என்று நினைக்கிறேன். அதற்காகவே ஒரு நாள் தாத்தாவும் நானும் இஸ்லா முஹேரெஸ் தீவுக்குத் தனியாகப் படகேறினோம். அதன் வடக்குக் கரையில் சூரியன் கடலில் மறைவதைப் பார்க்கலாம்.

எல்லோரும் சேர்ந்து போகவேண்டிய தூரப் பயணம் ஒன்று போதும்: பெரிய பிரமிடு நிற்கும் பழைய மாயா நகரமான சிச்சென் இட்சா. வண்டியில் சுமார் இரண்டரை மணி நேரம். இங்கே ஒரு நல்ல சலுகை இருக்கிறது. கின்டானா ரூ மாநிலம் மாலை வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று 2015இல் தன் கடிகாரத்தை முன்னே நகர்த்திக்கொண்டது. சிச்சென் இட்சா இருக்கும் யுகட்டான் மாநிலம் அதற்கு ஒரு மணி நேரம் பின்னால். காலை ஆறரைக்குக் கிளம்பினால், வாசல் திறக்கும் எட்டு மணிக்கு அங்கே நிற்கலாம். பேத்தி வண்டியில் தூங்கிக்கொண்டே வரட்டும். பிரமிடின் நான்கு பக்கமும் தலா 91 படி, உச்சியில் ஒன்று, மொத்தம் 365. ஏற அனுமதியில்லை. படிக்கட்டின் எதிரே நின்று கை தட்டினால், பறவை கூவுவதுபோல் எதிரொலி வரும். கூட்டம் சேர்வதற்குள் தட்டிப் பாருங்கள்.

டிசம்பர் 12 குவாதலூப்பே அன்னையின் திருநாள். அதற்கு முந்தைய நாள்களில் இளைஞர்கள் தீப்பந்தத்தைக் கைமாற்றியபடி நெடுஞ்சாலைகளில் ஊருக்கு ஊர் ஓடுவார்கள். தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்கு நடந்து போகும் நம் பிள்ளைகளின் முகத்தில் இருக்கும் அதே களைப்பும் உறுதியும் அவர்கள் முகத்திலும் இருந்தன. பேத்தி வண்டியின் கண்ணாடியை இறக்கிக் கையசைத்தாள். அந்த நாள்களில் சாலையில் வேகம் குறையும். நேரத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது

பிரியும் நாளைத் திட்டமிடுங்கள். மகளும் மருமகனும் முதலில் கிளம்பி, நாங்கள் அவர்களை அனுப்பிவைப்பதா, அல்லது நாங்கள் முதலிலா என்று பேத்தியிடமே கேட்டேன். தானே முதலில் கிளம்ப வேண்டும் என்றாள். டிக்கெட்டை அப்படியே எடுத்தோம். உங்கள் வீட்டுப் பிள்ளை வேறு மாதிரி விரும்பலாம், கேட்டுவிடுங்கள்.

பினாங்கு திரும்பிய பிறகு பள்ளி திறக்கும் வரை குறைந்தது ஒரு வாரம் இடைவெளி இருக்கட்டும். முதல் நாள்களில் பகலில் தூங்க விடாமல், காலை வெயிலில் அரை மணி நேரம் நடக்கக் கூட்டிப்போங்கள். காய்ச்சல், உடல் வலி, கண்ணுக்குப் பின்னால் வலி ஏதேனும் வந்தால், அங்கும் டெங்கி உண்டு என்பதால், மெக்சிகோ போய் வந்ததை மருத்துவரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.